தலவரலாறும் கோயிற் பருமாதிரியும்

தோற்றுவாய்

கோயில் எடுத்தற்குப் பொருள் வேண்டும். கல்லும் மரமும் வேண்டும். தொழில் வல்ல தச்சர் வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் கைவரப்பெறாத அடியார் ஒருவர் கோயில் எடுத்த வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்துள் அருளியிருக்கின்றார். அவ்வடியார் திருநின்றவூர்ப் பூசலார் நாயனார் என்பதைச் சைவ நன்மக்கள் அனைவரும் அறிவர். தேடியும் பொருள் கிடையாமையின் அப்பெருந்தகையார் நினைவினாலேயே நிதியம் ஈட்டினார். நினைவினாலேயே தச்சரையும் சாதனங்களையும் கூட்டினார். ஆகமவிதி வழுவாது நன்னாளில் அடிநிலை பாரித்தார். இரவும் கண்துயிலாது அடிமுதல் சிகரம் வரையில் ஒவ்வோர் உறுப்பாக எழுப்பித் தூபி நட்டுச் சுதை தீட்டினார். கிணறும் மதிலும் வாவியும் வகுத்தார். இறுதியில் திருக்குடமுழுக்கிற்கு நாளும் குறித்தார். அந்நாளிலேயே காஞ்சிநகரில் தான் எடுத்த கற்றளிக்கும் நாள் குறித்திருந்த காடவர்கோன், இறைவன் கனவில் உணர்த்தியவாறு திருநின்றவூருக்கு வந்து, அவ்வூரில் அன்பர் எடுத்த கோயில் எங்குளது என்று வினவினான்.

அன்பின் பெருமையை உணர்த்துதலே இவ்வரலாற்றின் நோக்கமாம். எனினும், கட்டடக்கலை நோக்கிற் காண்பார்க்கு இதனுள் வேறோர் உண்மையும் விளங்கும். கோயில் என்பது கல்லில் தோன்றுவதற்கு முன்னர்க் கருத்தில் முழுவடிவும் பெற்றிருத்தல் வேண்டும். அக்கருத்துருவைக் கண்ணாற் கண்டு, கையால் தொட்டு, குறைநிறை ஆராய்ந்து திருத்துதற்கு உதவுவதே மாதிரி எனப்படும். பூசலாருக்கு அவர் உள்ளமே மாதிரியாயிற்று. நம்மனோர்க்கு மண்ணும் மரமும் வேண்டும்.

மாதிரி மட்டும் அமையுமோ எனின், அமையாது. அது நிற்கவேண்டிய நிலத்தின் வரலாறும் உடன்வைத்து எண்ணப்படுதல் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றையொன்று திருத்தும் முறையை, அருப்புக்கோட்டை திருச்சுழியல் என்னும் ஊர்களைத் தன்னகத்தே கொண்ட வறண்ட கரிசல் நாட்டை நிலைக்களனாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது.

பருமாதிரி யாவது

மாதிரி பலவகைப்படும். தூணின் பூவேலையையும் மாடத்தின் கொடிக்கருக்கையும் காட்டும் நுண்மாதிரி ஒன்று. அவ்வணிகள் ஒன்றும் இன்றி, நீளம், அகலம், உயரம், இவற்றாலாகும் திரட்சி ஆகியவற்றை மட்டும் காட்டுவது மற்றொன்று. பின்னதைப் பருமாதிரி என வழங்கலாம். களிமண், மரக்கட்டை, தடித்த அட்டை முதலியவற்றால் இதனை எளிதிற் செய்யலாம். ஒருநாளில் ஒன்று செய்து, மறுநாள் அதனைக் கலைத்து வேறொன்று செய்யலாம். அணியழகில் கண் மயங்காது, கருவறைத் தளியும் மண்டபமும் மதிலும் கோபுரமும் தம்முள் எவ்வாறு பொருந்துகின்றன என்பதையே இது காட்டுதலின், கட்டடத்தின் குணம் இதிலேயே வெளிப்பட்டுவிடும்.

நம் முன்னோர் நூல்களும் திரட்சியையே முதற்கண் வைத்தன. மயமதம், மானசாரம் முதலிய சிற்பநூல்கள் விமானத்தை அதிட்டானம், பாதம், பிரத்தரம், கிரீவம், சிகரம், தூபி என ஆறு உறுப்பாகப் பகுத்தன. இவை முறையே மக்கள் யாக்கையின் அடி, கால், தோள், கழுத்து, தலை, முடி என்பவற்றோடு ஒப்பிடப்படும். அகலத்திற்கும் உயரத்திற்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு சாந்திகம், பௌட்டிகம், சயதம், அற்புதம், சார்வகாமிகம் என ஐவகையும் வகுக்கப்பட்டன. ஒரே அகலமுள்ள தளி, உயரம் சிறிது குறையின் அமைதியையும், சிறிது மிகின் வெற்றிப் பெருமிதத்தையும், மேலும் மிகின் வியப்பையும் விளைக்கும் என்பது இப்பெயர்களாலேயே பெறப்படும். ஓர் அணியும் செதுக்கப்படுவதற்கு முன்னரே, திரட்சி ஒன்றினாலேயே கோயிலின் மெய்ப்பாடு முடிவு செய்யப்படுகின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

விமானத்தின் தளங்கள்தோறும் விளிம்பில் நிரைநிரையாக நிற்கும் கூடம், சாலை, பஞ்சரம் என்னும் உறுப்புக்களை நோக்குக. அவை சதுரத்தளி, நீள்சதுரத்தளி முதலியவற்றின் சிற்றுருவங்களே. பெருங்கோயிலின் மேனியெங்கும் சிறுகோயில்களை மாதிரியாக நிறுத்தி வைத்தனர் நம் சிற்பியர். மாமல்லபுரத்தில் 7-ஆம் நூற்றாண்டில் பாறையிற் குடைந்தெடுக்கப்பட்ட ஒற்றைக்கல் தளிகளோ, மரத்தாலும் செங்கல்லாலும் அக்காலத்தே எடுக்கப்பட்ட கோயில்களின் திரட்சியைக் கல்லிற் பிடித்து வைத்தனவாம். அவற்றுள் ஒன்று குடிசை வடிவினது. ஒன்று நீண்ட சாலை வடிவினது. ஒன்று யானையின் பின்புறம் போன்ற தூங்கானை வடிவினது.

பாண்டிநாட்டிலேயே இதற்குச் சிறந்ததொரு சான்று உண்டு. அருப்புக்கோட்டைக்குத் தென்மேற்கே கழுகுமலையில் உள்ள வெட்டுவான்கோயில், பாண்டியர் காலத்தில், 8-ஆம் நூற்றாண்டளவில், மலைப்பாறையை மேலிருந்து கீழாக வெட்டிச் செய்யப்பட்டது. அதன் சிகரம் முற்றுப்பெற்றுப் பேரழகுடன் விளங்க, அடிப்பகுதி முற்றுப்பெறாது நிற்கின்றது. கட்டும் கோயிலில் பிழைபட்ட கல்லை நீக்கி வேறொன்று வைக்கலாம். வெட்டும் கோயிலிலோ ஒருமுறை நீங்கிய கல் மீளாது. தூபியின் இடத்தில் முதல் உளி படும்பொழுதே, கீழே அடித்தளம் எவ்வளவு பரந்து நிற்கும் என்பது துணியப்பட்டிருத்தல் வேண்டும். முற்றுப்பெறாத அக்கோயிலே, அதனைச் செய்தார் உள்ளத்தில் முழுத்திரட்சியும் முன்னரே அமைந்திருந்தது என்பதற்குக் கரியாகும்.

அண்மைக் காலத்தும் இம்முறை கைவிடப்படவில்லை. கன்னியாகுமரிக் கடற்பாறையில் 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலையை அமைத்த கணபதி தபதியார், கல்வேலை தொடங்குமுன் மரத்தால் மாதிரி செய்து நிலைக்கோட்டை ஆராய்ந்து கொண்டார். அச்சிலையின் மொத்த உயரம் 133 அடி. அதனுள் பீடம் 38 அடி, உருவம் 95 அடி. அறத்துப்பால் அதிகாரம் 38, ஏனை இருபாலின் அதிகாரம் 95 என்னும் கணக்கு அதன் திரட்சியை வகுத்தது. யாருக்கு எடுக்கப்படுகின்றது என்னும் பொருளே, எவ்வளவு உயரம் என்னும் வினாவிற்கு விடையளித்தது என்க.

திருச்சுழியலின் நிலமும் வரலாறும்

இனி, தலவரலாறு என்னும் மற்றைக் கூற்றை நோக்குவாம். பாண்டிநாட்டுப் பாடல்பெற்ற தலம் பதினான்கனுள் திருச்சுழியல் ஒன்று. இந்நாளில் திருச்சுழி என வழங்கும் இவ்வூர் விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே குண்டாற்றங்கரையில் உள்ளது. கௌண்டின்னிய நதி எனப் புராணவழக்கில் போற்றப்பெறும் இவ்வாறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடந்து, மழைக்காலத்தில் வெள்ளம் பெருகி ஓடுவது. ஆற்றைச் சூழ்ந்த நிலமோ கரிசல். மழையில் நீருண்டு பருத்து, கோடையில் வாளகல வெடித்துச் சுருங்கும் இயல்பினது. கண்மாய் நீரையும் வான்மழையையும் நம்பி வாழும் இந்நாட்டில் பனையும் உடைமரமுமே பெரிதும் காணப்படும்.

இத்தலத்திற்குச் சுழியல் என்னும் பெயர் வந்ததற்குத் தலபுராணம் காரணம் கூறும். ஊழிவெள்ளம் சூழ்ந்தபொழுது சிவபெருமான் தம் சூலத்தால் நிலத்தைத் துளைக்க, அவ்வெள்ளம் சுழித்து அத்துளையினுள் ஒடுங்கிற்று என்பது அவ்வரலாறு. இறைவர் பூமிநாதர், திருமேனிநாதர் எனவும், இறைவியார் துணைமாலையம்மை எனவும் வழங்கப்பெறுவர். வெடித்த நிலமும் சுழித்தோடும் ஆறும் அருகருகே உள்ள ஊரில் இவ்வரலாறு வழங்குதல் எத்துணைப் பொருத்தம் உடையது! நீர் எங்குப் பெருகும், எங்கு ஒடுங்கும் என்பதை நூற்றாண்டுதோறும் கண்டறிந்த மக்களின் நினைவு இதனுள் அடங்கியிருக்கின்றது. தலபுராணத்தைக் கட்டுக்கதை என ஒதுக்கும் பொறியாளரும் இவ்வூரில் நீரோட்டம் பாராது கடைக்கால் தோண்டத் துணியார்.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் இத்தலத்தைத் தரிசித்துத் திருப்பதிகம் அருளினார். அப்பதிகம் ஏழாந் திருமுறையில் உள்ளது. அன்றிரவு அவர் துயிலும்பொழுது, இறைவர் காளைவடிவினராய்க் கையில் பொற்செண்டும் திருமுடியில் சுழியமும் விளங்கத் தோன்றி, தாம் உறைவது கானப்பேர் என்று அருளி மறைந்தார் என்பது பெரியபுராணம். சுவாமிகளும் காளையார்கோயில் என வழங்கும் அத்தலத்தை நோக்கிச் சென்றார். இங்ஙனம் ஆற்றாலும், ஊழிக்கதையாலும், பதிகத்தாலும், கனவாலும் சிறப்புற்ற நிலத்தின்மீது எதனை எடுப்பினும், அது வெறுநிலத்தில் எடுக்கும் கட்டடம் ஆகாது.

பள்ளிமடத்துப் பள்ளிப்படை

திருச்சுழியலை அடுத்துள்ள பள்ளிமடம் என்னும் சிற்றூரின் சிவாலயம் இவ்வாராய்ச்சிக்குப் பெருந்துணையாவது. சோழன் தலைகொண்ட வீரபாண்டியன், 10-ஆம் நூற்றாண்டின் இடையில் ஆண்டவன். அவன் காலத்துக் கல்வெட்டுக்கள் இவ்வாலயத்தைப் பள்ளிப்படைச் சுந்தரபாண்டிய ஈச்சுரம் எனக் குறிக்கின்றன. திருவிளக்கு எரித்தற்கு ஆடுகள் அளிக்கப்பட்ட அறத்தையும் கூறுகின்றன. அரசர் முதலாயினாரின் திருமேனியைப் பள்ளிப்படுத்த இடத்தின்மேல் இலிங்கம் நிறுவி எடுக்கும் கோயிலே பள்ளிப்படை எனப்படும். பாண்டியர் எடுத்த பள்ளிப்படை இங்கு இருந்தமையைக் கல்லே சொல்கின்றது. ஊரின் பெயரிலும் பள்ளி என்னும் சொல் நின்று நிலவுகின்றது.

சோழநாட்டிலும் தொண்டைநாட்டிலும் இவ்வழக்கு இருந்தது. தொண்டைமானாற்றூரில் துஞ்சிய முதல் ஆதித்தனுக்கு அவன் மைந்தன் பராந்தகன் கோயில் எடுத்தான். ஆற்றூரில் துஞ்சிய அரிஞ்சயனுக்கு அவன் பெயரன் முதல் இராசராசன் மேற்பாடியில் எடுத்தது அரிஞ்சிகை ஈச்சுரம். பழையாறைப் பகுதியில் பஞ்சவன் மாதேவிக்கு முதல் இராசேந்திரன் காலத்தில் எழுந்தது பஞ்சவன்மாதேவீச்சுரம். சமாதி வைக்கும் முறையைத் திருமூல நாயனார் திருமந்திரத்து ஏழாந் தந்திரத்தில் விதித்திருக்கின்றார். குகையின் அளவும் அமைப்பும் அவ்விடத்தே கூறப்பட்டன.

பள்ளிப்படையின் வடிவமைப்பில் ஒன்று சிறப்பாகக் கருதற்பாலது. ஏனைக் கட்டடத்தில் நடுவிடம் எது என்பதைக் கட்டுவோன் தெரிந்தெடுப்பான். பள்ளிப்படையிலோ அது முன்னரே முடிந்த முடிபாம். அவ்விடத்தை ஒரு முழமும் நகர்த்தல் இயலாது. அதன்மேல் இலிங்கம், இலிங்கத்தைச் சூழக் கருவறை, கருவறையின் அகலத்தினின்று விமானத்தின் உயரம், விமானத்திற்கேற்ற மண்டபம், அதனைச் சூழ்ந்த மதில் என்று உள்ளிருந்து வெளியே வளர்தலே இதன் முறை. வரலாறு ஒரு புள்ளியை ஊன்றுகின்றது. திரட்சி அதனைச் சுற்றி வளர்கின்றது.

திருச்சுழியலிலிருந்து அருணைக்கு

இம்முறை பழங்காலத்தோடு ஒழிந்ததன்று. திருச்சுழியில் 1879-ஆம் ஆண்டு திசம்பர் 30-ஆம் நாள், திருவாதிரைத் திருநாளையொட்டிய இரவில், பூமிநாதர் கோயிலை அடுத்த இல்லத்தில் சுந்தரமையருக்கும் அழகம்மையாருக்கும் மகவாய்த் தோன்றியவர் பின்னாளில் இரமண முனிவர் எனப் போற்றப்பட்டார். அவர் தம் இளமையிலேயே அருணை சேர்ந்தார். பிற்காலத்தே அன்னையாரும் அங்கு வந்து மகனார் அருகில் வாழ்ந்து, 1922-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவர் திருமேனி எரியூட்டப்படாது, மலையின் தென்புறத்தே பாலிதீர்த்தத்தின் அருகில் சமாதி வைக்கப்பட்டு, அதன்மேல் இலிங்கம் நிறுவப்பட்டது. முதற்கண் அங்கிருந்தது ஓலைக்கொட்டகையே. அவ்வாண்டின் இறுதியில் முனிவரும் மலையினின்று இறங்கி அவ்விடத்தே தங்கலாயினார். அதனைச் சூழ்ந்தே ஆசிரமம் வளர்ந்தது.

1939-ஆம் ஆண்டில் கற்கோயிலுக்குக் கடைக்கால் இடப்பட்டது. பணியை முன்னின்று நடத்தியவர் முனிவரின் இளவலாகிய நிரஞ்சனானந்த சுவாமிகள். சிற்பநெறியில் அதனை உருவாக்கியவர் வைத்தியநாத தபதியார். பத்தாண்டு உழைப்பின் பின்னர் 1949-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் மாத்ருபூதேசுவரர் ஆலயத்திற்குத் திருக்குடமுழுக்கு நிகழ்ந்தது.

அவ்வாலயத்தின் அமைப்பை நோக்குவார்க்கு மேற்கூறிய முறை தெளிவாகும். வடக்கே வானளாவிய அருணமலை, அருகே தீர்த்தம், நடுவே நகர்த்தலாகாத சமாதி. மலையின் திரட்சியோடு போட்டியிடும் கோபுரத்தை அங்கு எழுப்பக் கருதினார் இல்லை. தன் அளவிற்கேற்ற விமானமும், அதன் முன் கிழக்கே பரந்து தாழ்ந்த கல்மண்டபமும் எடுத்தனர். மலை தலைவனாக, ஆலயம் அதன் அடியில் அடங்கி நிற்கின்றது. ஓலைக்கொட்டகையில் தொடங்கிப் பதினேழு ஆண்டு வழிபாடு நிகழ்ந்த நிலத்தின் வரலாறே அக்கோயிலின் மெய்யான வரைபடம் எனலாம். பள்ளிமடத்தில் பாண்டியர் கைக்கொண்ட நெறி, ஆயிரம் ஆண்டு கழிந்து, அதே திருச்சுழியல் மண்ணில் வாழ்ந்த ஓர் அன்னையின் பொருட்டு அருணையில் மீண்டும் உருப்பெற்றது.

மேனாட்டார் கண்டதும் கொண்டதும்

மாதிரியின் பயனையும் அதன் எல்லையையும் மேனாட்டு வரலாற்றிலும் காணலாம். இலண்டன் மாநகரின் தூய பவுல் பெருங்கோயில் 1666-ஆம் ஆண்டுப் பெருந்தீயில் அழிந்தது. புதுக்கோயில் வகுக்கும் பணியேற்ற கிறிஸ்தோபர் ரென் என்பார், 1673, 1674-ஆம் ஆண்டுகளில் ஓக்கு மரத்தாலும் சுதையாலும் ஆள் உள்ளே புகுந்து நிற்கத்தக்க பெருமாதிரி ஒன்று செய்வித்தார். அழகிற் சிறந்த அம்மாதிரி இன்றளவும் அங்கே பேணப்படுகின்றது. ஆயினும் குருமார் அதனை ஏற்றிலர். வழிவழி வந்த கோயிலமைப்பினின்று அது விலகியது என்பதே அவர் கூறிய குறை. ரென் வேறு வடிவம் வகுக்க நேர்ந்தது. மாதிரி எத்துணை முயன்று செய்யப்படினும், இடத்தின் வழக்கத்தையும் வரலாற்றையும் தழுவாதாயின் மரமாகவே நின்றுவிடும் என்பது இதனாற் பெறப்படும்.

உரோமாபுரியில் தூய பேதுரு கோயில் இதற்கு மறுதலையான சான்றாம். அவ்வடியாரை அடக்கம் செய்த இடம் என நம்பப்பட்ட புள்ளியின்மேலேயே பீடம் அமையவேண்டும் என்பதற்காக, 4-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் மன்னன் காலத்தில் குன்றின் சரிவை வெட்டியும், பழைய இடுகாட்டை மண்ணிட்டு நிரப்பியும் நிலம் சமப்படுத்தப்பட்டது. 1506-ஆம் ஆண்டில் புதுக்கோயில் தொடங்கப்பட்டபொழுதும் அப்புள்ளி மாறவில்லை. மைக்கேல் ஏஞ்சலோ 1558 முதல் 1561 வரை மரத்தாற் செய்வித்த குவிமாட மாதிரியின் வழியே எழுந்த பெருமாடமும் அக்கல்லறைக்கு நேர்மேலேயே நிற்கின்றது. 1940 முதல் 1949 வரை பீடத்தின் கீழ் நிகழ்ந்த அகழாய்வில் அவ்விடுகாடு வெளிப்பட்டது. நம் நாட்டுப் பள்ளிப்படை முறையோடு இஃது ஒத்திருத்தல் காண்க. சமயம் வேறாயினும் நடுவிடத்தை வரலாறு ஊன்ற, திரட்சியை மாதிரி ஆராய்ந்தது என்னும் நெறி ஒன்றே.

சோழர் காட்டிய வழி

தலவரலாற்றை ஆராய்ந்த பின்னரே பழங்கோயிலிற் கைவைத்தல் வேண்டும் என்பதை எவரிடமும் கடன்கொள்ள வேண்டியதில்லை. திருமழபாடிக் கல்வெட்டு ஒன்று அதற்குச் சான்று. முதல் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் திருமழபாடித் திருக்கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதுக்கக் கட்டளையிட்டான். அப்பொழுதே, பிரிப்பதற்கு முன்னர், சுவரிலுள்ள கல்வெட்டுக்கள் எல்லாவற்றையும் புத்தகத்தில் படியெடுத்து வைக்கும்படியும் பணித்தான். முதல் இராசேந்திரனது 14-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1026-ஆம் ஆண்டளவில், அப்புத்தகத்தின்படி பழைய கல்வெட்டுக்கள் புதிய சுவரில் மீளப் பொறிக்கப்பட்டன. பேரரசன் எடுத்த திருப்பணியிலும் முதல் வேலை எழுத்துவேலையாகவே இருந்தது. உளி அதன் பின்னரே வந்தது.

அவனுக்கு முன்னரே செம்பியன்மாதேவியார் என்னும் சிவபத்தியிற் சிறந்த அரசியார், செங்கற்கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக்கினார். திருக்கோடிகாவில் அங்ஙனம் புதுக்கியபொழுது, சிதறிக்கிடந்த பழங்கற்களின் எழுத்துக்களைப் புதுச்சுவரில் வெட்டுவித்து, அவை பழங்கற்படி என்னும் குறிப்பையும் உடன்பொறிக்கச் செய்தார். பல்லவர் காலத்து அறங்களும் இங்ஙனம் நமக்குக் கிடைத்தன. செங்கல் கல்லாயிற்று, ஆயினும் தளியின் இடமும், அதன் அறங்களும், அவற்றின் சொற்களும் மாறவில்லை. திருப்பணி என்னும் சொல்லின் முழுப்பொருளும் இதுவேயாம்.

கரிசல்நாட்டுத் திருப்பணிக்கு ஒருநெறி

இவற்றையெல்லாம் ஈண்டு எடுத்துக்காட்டியது எற்றுக்கெனின், கூறுதும். அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டிப் பகுதிகளின் சிற்றூர்தோறும் பழைய சிவாலயங்கள் உள்ளன. அன்பர் ஒன்றுகூடித் திருப்பணி செய்ய முற்படுதல் போற்றத்தக்கதே. ஆயின் அன்பின் மிகுதியால், சிறுதளியின்முன் அதனை விழுங்குமாறு பெருங்கோபுரம் எழுப்புதலும், கருங்கற்சுவரின்மேல் வண்ணம் தீற்றி எழுத்தை மறைத்தலும், பெயர்த்தெடுத்த கல்வெட்டுக் கற்களைப் படிக்கட்டிற்கும் தளவரிசைக்கும் இடுதலும் தமிழ்நாட்டின் பல இடங்களில் நிகழ்ந்துள்ளன. ஒருமுறை தேய்ந்த எழுத்து மீளாது. ஆற்றங்கரைச் சிற்றூரின் தளி ஒன்று பாண்டியர் எடுத்த பள்ளிப்படை என்பதை நாம் அறிந்தது, சில கற்களில் சில வரிகள் தேயாது தப்பியமையாலன்றோ! அவ்வரிகள் அழிந்திருப்பின் பள்ளிமடம் என்னும் பெயர் மட்டும் பொருள் விளங்காது நின்றிருக்கும்.

ஆதலின், திருப்பணி செய்வார் கொள்ளத்தக்க நெறி இதுவாம். முதலாவது, கோயிலிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள எழுத்துக்கள் அனைத்தையும் வல்லாரைக்கொண்டு படியெடுத்தல் வேண்டும். பதிகம், தலபுராணம், ஊர்முதியோர் கூறும் செய்தி, பழைய நிலப்படம் ஆகியவற்றையும் தொகுத்தல் வேண்டும். எந்தக் காலத்தில் எப்பகுதி எடுக்கப்பட்டது என்பதை அளவிட்ட தரைப்படத்தில் குறித்தல் வேண்டும்.

இரண்டாவது, நிலத்தை ஆராய்தல் வேண்டும். ஒருமுழக் குழி தோண்டி, எடுத்த மண்ணையே மீள இட்டு, மண் மிகின் நன்று, ஒப்பின் இடை, குறையின் கடை எனக் காணும் சோதனையைச் சிற்பநூல்கள் விதித்தன. நிறமும் மணமும் சுவையும் விதை முளைக்கும் நாளும் பார்க்கும்படியும் கூறின. நீரில் பருத்துக் கோடையில் சுருங்கும் கரிசலில், ஒருபுறம் மட்டும் பெரும்பாரம் ஏறின், கட்டடம் சீரின்றித் தாழ்ந்து சுவர் பிளக்கும். இக்காலத்துப் பொறியாளரின் மண்ணாய்வு இந்நாட்டிற்கு இன்றியமையாதது.

மூன்றாவது, பருமாதிரி செய்தல். அடி ஒன்றுக்குக் கால் அங்குலம் என்னும் அளவில், இப்பொழுதுள்ள கோயிலையும், தெருவையும், தெப்பக்குளத்தையும், ஆற்றங்கரையையும் முதலிற் செய்தல் வேண்டும். புதிதாகச் சேர்க்கக் கருதுவதை வேறுநிற மண்ணால் செய்து, வைத்தும் எடுத்தும் பார்த்தல் வேண்டும். இவ்வளவில் ஓர் அங்குலச் சதுரக் கட்டை, நான்கு அடிச் சதுரக் கட்டையைக் குறிக்கும். அதன் கொள்ளளவு 64 கன அடி. ஒரு கன அடிக் கருங்கல் ஏறத்தாழ 75 கிலோ எடையாகலின், கையில் எடுத்துவைக்கும் அச்சிறுகட்டை 4,800 கிலோ கல்லுக்குச் சமமாம். எல்லாப் பக்கமும் இருமடங்கு ஆக்கின் பாரம் எட்டு மடங்கு ஆகும். உயர்ந்த கோபுரம் வேண்டும் என விரும்புவார் இக்கணக்கைக் கைவிரலால் உணர்வராயின், கரிசல் நிலத்தில் அதன் பொருள் யாதென்பது தானே விளங்கும்.

அம்மாதிரியைத் தரையில் வைத்து, மேலிருந்து நோக்காது, கண்ணை அதன் தெருமட்டத்திற்குத் தாழ்த்தி நோக்குதல் வேண்டும். தெருவில் வருவார்க்கு விமானம் புலனாகின்றதா? கோபுரம் அதனை மறைக்கின்றதா? விளக்கொன்றைக் கிழக்கிலும் உச்சியிலும் மேற்கிலும் பிடித்து, நிழல் எங்கு விழுகின்றது எனக் காண்டல் வேண்டும். வெயில் கடுமையான இந்நாட்டில், அடியார் கால்சுடாது வலம்வரும் வழியும் மர நிழலும் கோபுர உயரத்தினும் வேண்டப்படுவன.

நான்காவது, மாதிரியையும் வரலாற்றையும் ஒருங்குவைத்து ஊராரெல்லாம் காணச்செய்தல். தரைப்படம் படிக்க அறியாதாரும் மண்மாதிரியைக் கண்டு கருத்துரைப்பர். மழைநீர் எவ்வழி வரும் என்பதை உழவரும், தேர் எங்குத் திரும்பும் என்பதைத் தேரிழுப்போரும், எவ்விடத்தில் யார் பெயரால் விளக்கு எரிந்தது என்பதை முதியோரும் கூறுவர். அவை மாதிரியைத் திருத்தும். கல்லிற் செய்த பின்னர்த் திருத்துவதினும் மண்ணிற் செய்தபொழுதே திருத்துதல் எளிது, செலவும் சிறிது.

இங்ஙனம் செய்யின் கோயில் வளராது போமோ எனச் சிலர் ஐயுறலாம். இளங்கோயில், பெருங்கோயில் எனப் பலவகைத் தளிகளை அப்பர் சுவாமிகள் எண்ணியிருத்தலின், வடிவும் அளவும் வேறுபடுதல் சைவத்திற்குப் புதிதன்று. யானை ஏறாத உயர்ந்த மாடக்கோயில்களை எடுத்தார் கோச்செங்கட்சோழ நாயனார். முற்பிறப்பில் சிலந்தியாய் அமைத்த பந்தர் யானையால் அழிந்த வரலாறே அவ்வுயரத்திற்குக் காரணம் எனச் சைவ உலகம் நினைந்து போற்றும். வேண்டுமிடத்து உயர்க, உயர்தற்கு அவ்விடத்தின் வரலாற்றிலே காரணம் இருத்தல் வேண்டும்.

முடிவுரை

பூசலார் நாயனார் உள்ளத்தில் எடுத்த கோயிலை இறைவன் விரும்பி எழுந்தருளினான். அக்கோயிலில் ஓர் உறுப்பும் அவசரத்தில் வைக்கப்படவில்லை. நெடுநாள் எண்ணி, அடிமுதல் முடிவரை முறையே அமைத்த பின்னரே நாள் குறிக்கப்பட்டது. இந்நாளில் நாளை முன்னரே குறித்துவிட்டு வடிவைப் பின்னர்த் தேடுதல் வழக்கமாகின்றது. இவ்வழக்கம் மாறுதல் வேண்டும்.

குண்டாற்றங்கரையில் ஒரு பாண்டியன் துயில்கொண்ட இடத்தை ஆயிரம் ஆண்டு கழித்து நாம் அறியும்படி காத்தவை, அவனுக்காக எரிந்த விளக்கும் அவ்விளக்கைக் குறித்த சில வரிகளுமே. அவ்வரிகளைப் படித்து, நிலத்தை அறிந்து, ஒரு பிடி மண்ணால் மாதிரி செய்து பார்த்து, அதன் பின்னர்க் கல்லிற் கைவைக்கும் திருப்பணியே அவ்விளக்கை அணையாது காப்பதாம்.

திருச்சிற்றம்பலம்.